வீட்டுக்கு ஒரு 11ஆம் எண் கூண்டு: இணையத்தை எங்கே ஏற்பது, எங்கே மறுப்பது

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் தேநீர்க் கடைப் பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3 என்றால் துறைமுகமே காற்றுக்கு ஆயத்தமாக வேண்டும். 8, 9, 10 என்றால் பேராபத்து. 10க்கு மேலும் ஓர் எண் உண்டு என்பதை இளையவர்களில் பலர் அறியவில்லை. 11ஆம் எண் கூண்டு காற்றின் வேகத்தையோ புயலின் திசையையோ சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது, இனி மோசமான வானிலை வரக்கூடும் என்பது உள்ளூர் அதிகாரியின் சொந்தக் கணிப்பு என்பதே அதன் பொருள். செய்தி வரும் வழி ஒருநாள் அடைபடும் என்பதை முன்பே எண்ணி, அதற்கும் ஓர் அடையாளத்தை ஒதுக்கி வைத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

அன்றாட வாழ்க்கைக்குள் வந்துவிட்ட இணைய வசதிகளை முழுவதும் ஏற்க வேண்டுமா, எதிர்த்து நிற்க வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் கூண்டைத்தான் காட்டுகிறேன். பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு இணைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட முடிவு இது: வசதியை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் தவறு, ஒட்டுமொத்தமாக மறுப்பதும் தவறு, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்து, இணையம் அற்றுப்போகும் நாளில் அந்த வேலையைச் செய்ய நம் கையில் ஒரு மாற்று வழி இருந்தால் மட்டுமே அதை இணையத்திடம் ஒப்படைக்கலாம். அந்த மாற்று வழியைத்தான் வீட்டின் 11ஆம் எண் கூண்டு என்கிறேன். அதை எப்படிக் கட்டுவது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வாரம் முழுவதும் வீட்டில் யார் எந்த வேலைக்காகக் கைப்பேசியை எடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். எத்தனை மணி நேரம் என்பது தேவையில்லை. என்ன வேலை என்பதே வேண்டும். காற்றுப் பார்த்தது, ஐஸ் கடைக்குப் பணம் அனுப்பியது, துபாயிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசியது, ரயில் டிக்கெட் எடுத்தது, பிள்ளை வீட்டுப்பாடம் பார்த்தது, காரணமே இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தது என எல்லாவற்றையும் ஒளிவின்றி எழுத வேண்டும். வாரக் கடைசியில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த வசதி, என் கண்ணும் காதும் எட்டாத எதையாவது எனக்குத் தருகிறதா? அதற்கு ஈடாக என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? நாளைக் காலையில் இது நின்றுபோனால் நான் என்ன செய்வேன்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் இடம் வெறுமையாக இருக்கும். இது கற்பனையான அச்சம் அன்று. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களில் பல நாட்கள் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் இயங்கவில்லை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவில் இழந்த தீவு இது. கையில் இருக்கும் கருவி எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதற்கு மின்சாரம் தரும் கம்பி இந்தக் கடற்கரைக் காற்றில்தான் நிற்கிறது.

கடலும் காற்றும்

இந்தக் கரையில் இணையம் உயிரோடு தொடர்புடையதாக ஆவது வானிலைத் தகவலில்தான் என்பதால், இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், வானிலைச் செயலியைப் பார்க்கும்படி சொன்னபோது அவர் கேட்டார்: “கடலையே பார்க்காத ஆளு சொல்ற காத்த நான் எதுக்குத் தம்பி கேக்கணும்?” அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கச்சான் காற்று எப்போது எழும், வாடைக் காற்று எப்போது திரும்பும், மேகத்தின் நிறம் மாறினால் எவ்வளவு நேரத்தில் கரை சேர வேண்டும் என்பதை அவர் ஐம்பது ஆண்டுகளாகக் கற்றிருக்கிறார். திடீரென்று கிளம்பும் உள்ளூர்ச் சூறையை அவருடைய கண் காட்டும் அளவுக்கு எந்தத் திரையும் காட்டுவதில்லை.

மற்றொரு பாதியை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். ‘கள்ளக்கடல்’ எனப்படும் பேரலை இங்கே வீசும் காற்றால் எழுவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, நாள் கணக்கில் பயணம் செய்து, வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் கரையில் ஏறுகிறது. கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் எனத் தெற்கு நோக்கித் திறந்திருக்கும் மன்னார் வளைகுடாக் கரைக்கு இது பொருந்தும். உள்ளூர்க் காற்றே அடையாளம் தராத ஒன்றை எவ்வளவு அனுபவசாலியும் முன்கூட்டி அறிய முடியாது. ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், அந்தத் தொலைதூர அலையைக் கணக்கிட்டு முன்னதாகவே எச்சரிக்கிறது. கண்ணுக்கு எட்டாததைத் தரும் இத்தகைய தகவலை மறுப்பது அறிவுடைமை ஆகாது. பெரியவர் இப்போது கடலுக்குப் புறப்படும் முன் பேரனிடம் அலை எச்சரிக்கையை மட்டும் கேட்கிறார். காற்றை அவரே பார்த்துக்கொள்கிறார். இந்தப் பங்கீடு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

காற்றை வண்ணக் கோடுகளாகக் காட்டும் செயலிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பல, ஜி.எஃப்.எஸ். என்னும் அமெரிக்கக் கணினிக் கணிப்பையோ ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பையோ வாங்கிப் படமாகக் காட்டுகின்றன. ஜி.எஃப்.எஸ். ஒரு நாளில் 4 முறை கணிக்கப்படுகிறது. நம் நேரப்படி அதன் தொடக்க நிலவரங்கள் காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 ஆகியவை. கணக்கு முடிந்து படம் வெளிவரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே அதிகாலை 2 மணிக்குப் படகேறும் முன் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முந்தைய மாலை 5.30 மணிக் காற்றிலிருந்து போட்ட கணக்கு. திரையின் ஓரத்தில் புதுப்பிக்கப்பட்ட நேரம் இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். மேலும், அந்தக் கணிப்பு கடலைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துச் சொல்வது. குறுகலும் ஆழக்குறைவும் கொண்ட பாக் விரிகுடாவில், ஒரு கட்டத்துக்குள்ளேயே கரையோரம் ஒரு மாதிரியும் நடுக்கடலில் வேறு மாதிரியும் கடல் இருக்கலாம்.

மீன் கூடும் இடத்தைச் சொல்லும் இன்காய்ஸ் அறிவிப்புக்கும் இதே அளவுகோல்தான். செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் பார்க்கிறது. வெப்பம் சட்டென்று மாறும் எல்லையில் மிதவை உயிர்கள் பெருகும், அங்கே மீன் வரும் என்பது அதன் அடிப்படை. மேகம் மூடினால் அது கடலைப் பார்க்க முடியாது. டீசலை மிச்சப்படுத்த உதவும் ஒரு குறிப்பாக அதை வைத்துக்கொள்ளலாம். வலை போடும் இடத்தை அதுவே முடிவு செய்ய விடக் கூடாது.

எல்லைக் கோட்டைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாக இருக்கிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை, பாக் விரிகுடாப் பகுதியில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் மன்னார் வளைகுடாவில் 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் வகுக்கப்பட்டது. கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கோட்டை நம்பி அந்தப் பக்கம் படகு ஓட்டாதீர்கள். மீன்வளத் துறையிடம் கேட்டு வாங்கிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து, அதே எண்களை நெகிழித் தாளில் எழுதிப் படகில் கட்டி வையுங்கள். ஜி.பி.எஸ். வேலை செய்ய இணையம் தேவையில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கருவி செயற்கைக்கோளின் குறிப்பை நேராகப் பெறுகிறது, இணையம் வேண்டியிருப்பது வரைபடத்தின் படத்துக்குத்தான். அந்தப் படத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். ஆனால் படகிலிருந்து பேச உதவும் வி.எச்.எஃப். வானொலிக் கருவிக்குக் கைப்பேசி மாற்று ஆகாது. கோபுரத்தைத் தாண்டிவிட்டால் அது வெறும் விளக்கு. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது சில கைப்பேசிகள் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துவிடுகின்றன, டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்கவில்லை என்றால் கட்டணம் பிறகுதான் தெரியும்.

வானிலைக்கான 11ஆம் கூண்டு எளிது. பேட்டரியில் இயங்கும் வானொலி ஒன்றை வாங்குங்கள். பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட கடல் ஓசை சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் கிடைக்கிறது. துறைமுகக் கூண்டின் 11 எண்களுக்கும் பொருளை எழுதி, வானொலியின் பின்புறம் ஒட்டி வையுங்கள்.

பணம்

மீன் விற்கும் பெண்கள் கியூஆர் அட்டையை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்கிறேன். 2016இல் யுபிஐ வந்த பிறகு, சில்லறை இல்லை என்று சொல்லி விலை குறைக்கும் வாடிக்கையாளர் குறைந்துவிட்டார். சேலை முந்தியில் முடிந்த பணத்தை வீட்டில் யாரும் எடுத்துவிடும் நிலையும் மாறியது. என் உறவினரான ஒரு சித்தி, பெயரில் கணக்கு இருந்தும் அதில் தன் வருமானத்தை முதன்முறையாகப் பார்த்தது இந்த அட்டையால்தான்.

அவரே ஏமாந்ததும் இதனால்தான். சாலையோரத்தில் கணவாயும் நண்டும் வைத்திருந்த ஒரு நாளில், வண்டியில் வந்தவர் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டு, ‘பணம் சென்றுவிட்டது’ என்று பச்சை நிறத்தில் மின்னிய தன் திரையைக் காட்டிப் புறப்பட்டார். மாலையில் கணக்கைப் பார்த்தால் பணம் வரவில்லை. அத்தகைய போலித் திரையைக் காட்டவே செயலிகள் இருக்கின்றன. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்லும் விதி: வாங்குபவரின் திரையைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கணக்குக்கு வந்த செய்தியையோ, கணக்கில் பணம் வந்ததும் ஒலிப்பெட்டி உரக்கச் சொல்லும் தொகையையோ மட்டும் நம்புங்கள். ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. பின் எண்ணைக் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். இந்த ஒரு வரியை வீட்டிலுள்ள முதியவர்களை வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்குங்கள். சேமிப்புக் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், அன்றாடச் செலவுக்குத் தனியாக ஒரு சிறு கணக்கைத் திறந்து, அதை மட்டும் இணையுங்கள். மோசடிக்காரர் கை வைத்தாலும் அந்த வாரச் செலவுப் பணத்தோடு இழப்பு நின்றுவிடும். படகுக் கடனுக்குச் சேர்த்த பணம் தப்பிக்கும். வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மைப் பொத்தான் கைப்பேசியில் போட்டு வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் எங்கள் பக்கம் உண்டு. அது பழமைவாதம் அன்று. மிக நல்ல பாதுகாப்பு.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்கும் நேரம்தான் பெரிய இழப்பு. உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது. பிறகு வங்கிக்கு எழுத்தாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியின்படி, வங்கியின் மேலும் வாடிக்கையாளரின் மேலும் பிழையில்லாமல் வேறு எங்கோ நடந்த மீறலால் பணம் போயிருந்து, செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அப்போதும் நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும் என்பதால், தாமதமாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வேலை செய்யும் ஊர்களுக்குத் தனியாக ஒரு யோசனை. மகனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள் என்று அழைப்பு வந்தால், குரலைக் கேட்டு நம்பும் காலம் போய்விட்டது; குரலைப் போலவே பேசும் கருவிகள் வந்துவிட்டன. மகன் விடுமுறையில் வீட்டிலிருக்கும்போதே, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டி வீட்டுக் கிணற்றடி மரத்தின் பெயராகக்கூட இருக்கலாம். அந்தச் சொல் வராமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

பணத்துக்கான மாற்று வழி ரொக்கம்தான். ஒரு வார டீசல், ஐஸ், அரிசி, மருந்துக்கான தொகை வீட்டில் நோட்டாக இருக்கட்டும். இணையம் மட்டும் இல்லாமல் கைப்பேசி அழைப்பு வேலை செய்யும் நாட்களில், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# என்று அழுத்திப் பணம் அனுப்பலாம். இதைத் தேவைப்படும் நாளில் கற்றுக்கொள்ள முடியாது. இன்றைக்கே பக்கத்து வீட்டாருக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பழகுங்கள்.

செயலியா, வலைப்பக்கமா

ஏற்பதா மறுப்பதா என்ற கேள்விக்கு நடுவில் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. ஒரு வேலைக்காகச் செயலியை நிறுவச் சொன்னால், அதே வேலையை உலாவியில் வலைப்பக்கமாகச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ பணியாற்றிய சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆய்வகம், 1993 ஏப்ரல் 30 அன்று அதன் அடிப்படையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் பக்கத்தையும் எந்த உலாவியிலும் திறக்க முடிகிறது. பக்கத்தை மூடினால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். செயலி அப்படியன்று, கைப்பேசியிலேயே குடியிருந்து, தொடர்பு எண்கள், இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். ஆண்டுக்கு நான்கு முறை ரயில் டிக்கெட் எடுக்கவும், பட்டா பார்க்கவும், மின்கட்டணம் செலுத்தவும் வலைப்பக்கம் போதும்.

நிறுவித்தான் ஆக வேண்டும் என்றால், அமைப்புகளில் செயலிக்கான அனுமதிகளைத் திறந்து, வேலைக்குத் தொடர்பில்லாதவற்றை மறுத்துவிடுங்கள். காற்றுச் செயலிக்கு இருப்பிடம் தேவை, அதுவும் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும். கடன் கொடுப்பதாகச் சொல்லும் செயலி உங்கள் தொடர்பு எண்கள் அனைத்தையும் கேட்டால், அதை அப்போதே நீக்குங்கள். தவணை தவறியதும் உறவினர் எல்லோருக்கும் போன் போட்டு அவமானப்படுத்த அந்த எண்களே போதும். இப்படி ஒரு குடும்பம் ஊரைவிட்டே போனதைப் பார்த்தவன் நான்.

வலைப்பக்கத்துக்குப் போகும்போது முகவரியின் வால் பகுதியைப் படியுங்கள். அரசுத் தளம் ‘டாட் கவ் டாட் இன்’ என்றோ ‘டாட் நிக் டாட் இன்’ என்றோ முடியும். ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி வங்கிகள் 2025 அக்டோபருக்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. ராமேசுவரத்தில் தங்கும் அறை என்று போலித் தளத்தில் முன்பணம் கட்டிவிட்டு, நள்ளிரவில் குழந்தைகளோடு வந்து நிற்கும் யாத்திரைக் குடும்பங்களை ஆட்டோ ஓட்டுநர்கள் அறிவார்கள். விடுதி நடத்துபவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணை வரைபடத்தில் அவ்வப்போது தாங்களே சரிபார்த்தால், வருகிறவர்கள் ஏமாறுவது குறையும். கருவாடோ பனங்கருப்பட்டியோ விற்பவர்கள் வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாமல், வாடிக்கையாளர் எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு முடங்கினால் தொழில் அந்த நோட்டிலிருந்து மீளும்.

கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். மனு எழுத, ஆங்கிலக் கடிதத்தின் பொருள் அறிய அவை நன்றாக உதவுகின்றன. பெயரும் தொகையும் தேதியும் சரியா என்று நீங்கள் படித்துப் பார்த்தால் போதும். கடல் ஏற்ற இறக்க நேரம், எல்லைக் கோடு, மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் அவற்றிடம் கேட்காதீர்கள். தவறான எண்ணையும் சரியான எண்ணைச் சொல்லும் அதே உறுதியோடு அவை சொல்கின்றன.

ஆவணங்கள்

ஆவணங்களை இணையத்தில் வைக்கும் அரசின் டிஜிலாக்கரை ஏற்றுக்கொள்ளுங்கள். 2015இல் வந்த இந்த வசதி, உப்புக் காற்றும் ஓட்டுக் கூரைக் கசிவும் தின்றுவிடும் காகிதங்களுக்கு இன்னொரு உயிர் கொடுக்கிறது. அதே நேரத்தில் அசல் ஆவணங்களையும் நகல்களையும் நெகிழிப் பையில் இரட்டையாகச் சுற்றி, பரணில் வையுங்கள். வெள்ளம் வந்தால் ஒரு கையால் எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆதார் நகல் கேட்கும் இடங்களில் எல்லாம் முழு எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. இதில் நான் பெரிதும் வருந்தும் ஒரு நிலையைச் சொல்ல வேண்டும். தீவுகளை ஒட்டிய பாறைகளில் கடல்பாசி பறிக்கும் பெண்களின் விரல்ரேகை தேய்ந்து போகிறது. துணி சுற்றிய விரல்களால் ஆண்டுக்கணக்கில் பாறையைச் சுரண்டியவருக்கு, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் விரலை வைத்து ‘நீங்கள் நீங்களில்லை’ என்ற பதிலைப் பெறுவது எவ்வளவு வலிக்கும்! அத்தகையோர் வரிசையை விட்டு விலகிப் போக வேண்டாம். கருவிழிப் பதிவு, பதிந்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபி என ரேஷன் கடையில் உள்ள மாற்று முறைகளைக் கேளுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால் தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் மனு கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில், பொறுமையாக எதிர்த்து நிற்பதே சரி.

கைப்பேசி தொலைந்தால் அதை முடக்கவும், உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பார்க்கவும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023 முதல் இருக்கிறது. அதற்குக் கைப்பேசியின் 15 இலக்க எண் தேவைப்படும். *#06# என்று அழுத்தினால் தெரியும் அந்த எண்ணை இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

செய்தியும் பிள்ளைகளும்

புயல் நாட்களில் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைப் பரப்பாதீர்கள். இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறிப்பு இருந்தால், எழுதியவர் உங்கள் நண்பர் இல்லை என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். வானிலைத் துறை, இன்காய்ஸ், மாவட்ட நிர்வாகம் ஆகியவை சொல்லாத எதையும் ஊர்க்குழுவில் போடுவதில்லை என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளைகளிடம் கைப்பேசியைப் பிடுங்குவதால் பயனில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, என்ன பார்க்கப் போகிறாய் என்று கேட்ட பிறகு கொடுங்கள். இரவில் எல்லோருடைய கைப்பேசிகளும், பெற்றோருடையவையும் சேர்த்து, அடுப்பங்கரையில் உறங்கட்டும்.

தடைக்காலப் பயிற்சி

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னவும் எந்திரம் பழுதுபார்க்கவும் ஒதுக்கும் அந்தக் காலத்தில், ஒரு நாளை இந்தப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் இணையத்தை அணைத்துவிட்டு, வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறீர்களோ அதைப் பழைய நோட்டில் மூன்றாவது கேள்விக்கு எதிரே எழுதுங்கள். மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து, தடுக்கிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று வழியைக் கண்டு, ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டுங்கள். வங்கிக் கிளையின் எண், 1930, கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554, அவசர மருத்துவத்துக்கு 108, பக்கத்து வீட்டு எண்கள், படகின் பதிவு எண் ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சென்ற தடைக்காலத்தில் இதைச் செய்தோம். மனப்பாடமாகத் தெரிந்த தொலைபேசி எண்களைச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டேன். எரிவாயு முகவர் எண், ஐஸ் கம்பெனி எண், பாம்பனிலிருக்கும் பெரியம்மா வீட்டு எண் என மூன்றைத் தடையின்றிச் சொன்னார். என் எண் அவருக்குத் தெரியவில்லை. என் முகப்படத்தைத் தொட்டால் நான் பேசுவேன் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. கதவின் பின்னால் இருக்கும் தாளில் முதல் வரியாக அந்த எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன்.